மறைத்த வேலை மடியும். காட்டிய வேலை வளரும்
(ஸ்க்ரம் முறை – ஓர் அறிமுகம்)

முன்னுரை

"அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்" என்பது நம் முன்னோர் கண்ட பழமொழி. இன்று உலகெங்கும் கணிப்பொறிக்கு மென்பொருள் எழுதுவோர் பலர் கைக்கொள்ளும் ஒரு முறையை இப்பழமொழியைக் கொண்டே விளக்கிவிடலாம். அம்முறைக்கு 'ஸ்க்ரம்' என்று பெயர். கணிப்பொறிப் பாடம் எடுக்காத தோழியருக்கும், வீட்டில் இதைப் படிக்கும் பெற்றோருக்கும் புரியும்படி அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதை எழுதத் தூண்டியது எங்கள் தோல்வி ஒன்று. சென்ற ஆண்டு அறிவியல் கண்காட்சிக்காக நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து, ஆற்று நீர் தூய்மையாகி வீட்டுக்கு வருவதைக் காட்டும் மாதிரி ஒன்றைச் செய்தோம். தொட்டி ஒருத்திக்கு, வடிகட்டி ஒருத்திக்கு, குழாய் எனக்கு என்று பிரித்துக்கொண்டு அவரவர் வீட்டில் மூன்று வாரம் உழைத்தோம். சிஸ்டர் கேட்டபோதெல்லாம், "நன்றாக நடக்கிறது, சிஸ்டர்" என்றோம். கண்காட்சிக்கு முந்திய நாள் மாலையில்தான் எல்லாவற்றையும் ஒன்றாகப் பொருத்தினோம். என் குழாய் தொட்டியின் துளைக்குள் நுழையவில்லை. வடிகட்டியில் மணலை அடைத்த அடைப்பில் ஒரு சொட்டுத் தண்ணீரும் இறங்கவில்லை. மறுநாள் எங்கள் மேசையில் வரைபடம் மட்டுமே இருந்தது. சிஸ்டர் கோபிக்கவில்லை. "முதல் வாரமே பாதியைக் கொண்டுவந்து காட்டியிருக்கலாமே, பிள்ளைகளே" என்று மட்டும் சொன்னார்கள். கோபித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரியும் என் பெரியம்மா மகள் விடுமுறைக்கு வந்தபோது இதைச் சொன்னேன். அக்கா சிரித்துவிட்டாள். "நீங்கள் ஐந்து பேர் செய்த தவற்றைக் கோடி கோடியாகச் செலவழித்துச் செய்தவர்கள் இருக்கிறார்கள். அதற்கு மருந்தாகத்தான் ஸ்க்ரம் வந்தது" என்றாள். அன்று அவள் சொன்னதையும், பின்னர் நான் படித்து அறிந்ததையும் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

அருவி முறை

ஸ்க்ரம் எதற்காகத் தோன்றியது என்று அறிய வேண்டுமானால், அதற்கு முன் என்ன வழக்கம் இருந்தது என்று முதலில் அறிய வேண்டும். பெரிய மென்பொருள் ஒன்றைச் செய்யத் தொடங்கினால், முதலில் வேண்டியவற்றையெல்லாம் கேட்டுத் தடித்த ஏடாக எழுதுவார்கள். அடுத்து, அதற்கேற்ப வடிவமைப்பார்கள். அடுத்து, நிரல் எழுதுவார்கள். அடுத்து, சோதிப்பார்கள். கடைசியில் உரியவரிடம் ஒப்படைப்பார்கள். ஒரு படி முழுதும் முடிந்த பின்னரே மறு படி. மலையிலிருந்து படிப்படியாக விழும் நீர் மீண்டும் மேலே ஏறாதது போல இம்முறையிலும் பின்னே செல்வது அரிது. ஆகவே இதற்கு 'அருவி முறை' என்று பெயர் வந்தது.

1970 ஆம் ஆண்டு வின்ஸ்டன் ராய்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் எழுதிய ஒரு கட்டுரையில் இத்தகைய படிகளைக் காட்டும் படம் ஒன்று இருக்கிறது. பலரும் அப்படத்தையே இம்முறைக்கு மூலமாகக் காட்டுவார்கள். வேடிக்கை என்னவென்றால், இப்படி ஒரே போக்காகச் செய்வது ஆபத்தானது, தோல்வியை வரவழைப்பது என்று அதே கட்டுரையில் அவரே எச்சரித்திருக்கிறார். படத்தை எடுத்துக்கொண்டவர்கள் எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள்!

வீடு கட்டுவதற்கு இவ்வழி பொருந்தும். ஏனெனில் செங்கல்லும் சிமெண்டும் நேற்று இருந்தது போலவே நாளையும் இருக்கும். அடித்தளம் போட்ட பிறகு அறையை இடம் மாற்றவும் முடியாது. மென்பொருளோ அவ்வாறன்று. கேட்பவருக்கே தமக்கு என்ன வேண்டும் என்பது, ஒன்றைக் கண்ணால் பார்த்துக் கையால் பயன்படுத்திப் பார்க்கும் வரை முழுதாகத் தெரிவதில்லை. வேலை இரண்டு மூன்று ஆண்டுகள் நீண்டால், அதற்குள் சட்டமும் தேவையும் மாறிவிடுகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, சோதனை கடைசியில் வருவதால் முதல் மாதத்தில் நேர்ந்த தவறு கடைசி மாதத்தில்தான் வெளிப்படுகிறது. அதற்குள் அத்தவற்றின் மேல் ஆயிரம் வேலைகள் கட்டப்பட்டிருக்கும். எங்கள் குழாயும் துளையும் பொருந்தாத கதையேதான் இது.

பெயர் வந்த கதை

ஸ்க்ரம் என்பது ரக்பி என்னும் பந்து விளையாட்டிலுள்ள ஒரு சொல். ஆட்டம் தடைப்பட்ட பின் மீண்டும் தொடங்குவதற்காக, இரு அணியிலும் எட்டெட்டுப் பேர் தோளோடு தோள் கோத்துக் குனிந்து, ஒருவரையொருவர் தள்ளி நின்று பந்துக்காகப் போராடுவார்கள். அந்த நிலைக்கே ஸ்க்ரம் என்று பெயர்.

விளையாட்டுச் சொல் தொழிலுக்கு வந்தது எப்படி? 1986 இல் ஹிரோடகா டகேயுச்சி, இகுஜிரோ நோனாகா என்ற இரண்டு ஜப்பானியப் பேராசிரியர்கள் 'ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ' என்ற இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஹோண்டா, கேனான், ஃபியூஜி–ஜெராக்ஸ் முதலிய நிறுவனங்கள் புதிய பொருள்களை விரைவாக உருவாக்கியது எப்படி என்று அவர்கள் ஆராய்ந்தார்கள். தொடர் ஓட்டத்தில் ஒருவர் ஓடி முடித்துக் கோலை அடுத்தவரிடம் கொடுப்பது போலல்லாமல், ரக்பி அணி முழுவதும் பந்தைத் தமக்குள் மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டு ஒன்றாக முன்னேறுவது போல அந்நிறுவனங்களின் குழுக்கள் வேலை செய்தன என்று அவர்கள் விளக்கினார்கள்.

இக்கருத்தை மென்பொருளுக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ஜெஃப் சதர்லாண்ட். இவர் முன்பு அமெரிக்க விமானப் படையில் விமானியாக இருந்தவர். 1993 இல் ஈசல் என்னும் அமெரிக்க நிறுவனத்தில் தம் குழுவினரோடு இம்முறையை அவர் கைக்கொண்டார். கென் ஷ்வேபர் என்பவரும் தனியே இதே போன்ற வழியில் உழைத்துவந்தார். இருவரும் சேர்ந்து, 1995 இல் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் நடந்த ஒரு மாநாட்டில் ஸ்க்ரம் முறையை உலகுக்கு எடுத்துரைத்தார்கள்.

பின்னர் 2001 பிப்ரவரியில், யூட்டா மாநிலத்தில் பனிமலை சூழ்ந்த ஸ்னோபேர்டு என்னும் இடத்தில் மென்பொருள் வல்லுநர் 17 பேர் கூடினார்கள். ஒவ்வொருவரும் வேறு வேறு பெயரில் வேறு வேறு முறையை நடத்தியவர்கள். ஆயினும் எல்லாருடைய உள்ளக்கிடக்கையும் ஒன்றாக இருக்கக் கண்டார்கள். கருவிகளைவிட மனிதரும் அவர்கள் கலந்து பேசுவதும் பெரிது. தடித்த ஏடுகளைவிட ஓடுகின்ற மென்பொருள் பெரிது. ஒப்பந்த வாதத்தைவிட வாடிக்கையாளரின் ஒத்துழைப்பு பெரிது. வகுத்த திட்டத்தைப் பிடித்துத் தொங்குவதைவிட மாற்றத்துக்கு இடம் கொடுப்பது பெரிது என்பதே அவர்கள் வெளியிட்ட அறிக்கையின் சாரம். இத்தகைய முறைகள் அனைத்துக்கும் 'அஜைல்' என்ற பொதுப்பெயரை அவர்கள் இட்டார்கள். விரைந்து வளைந்து கொடுப்பது என்பது அதன் பொருள். அந்தக் குடும்பத்தில் பலரும் அறிந்த பிள்ளை ஸ்க்ரம். சதர்லாண்டும் ஷ்வேபரும் 2010 இல் இதற்கென ஒரு சிறு கையேட்டை வெளியிட்டார்கள். பலமுறை திருத்தப்பட்ட அக்கையேட்டின் 2020 ஆம் ஆண்டுப் பதிப்பையே நான் இங்கே பின்பற்றுகிறேன்.

குழுவில் யார் யார்?

ஸ்க்ரம் குழு சிறியது. பொதுவாகப் பத்துப் பேருக்கு மேல் போகாது. கூட்டம் பெருத்தால் பேச்சுப் பெருகி வேலை சிறுக்கும் அல்லவா? அக்குழுவில் மூன்று பொறுப்புகள் உண்டு.

முதலாமவர் பிராடக்ட் ஓனர். எது வேண்டும், எது முதலில் வேண்டும் என்று தீர்மானிப்பவர் இவர். பத்துப் பேர் பத்து விதமாகக் கேட்டாலும், வரிசைப்படுத்தும் பொறுப்பு இவர் ஒருவருக்கே உரியது.

இரண்டாமவர்கள் டெவலப்பர்கள். உருவாக்குபவர்கள் இவர்களே. எப்படிச் செய்வது, இந்த முறை எவ்வளவு செய்ய முடியும் என்பதை இவர்களே முடிவு செய்கிறார்கள். மேலிருந்து ஒருவர், "இவ்வளவையும் முடித்தாக வேண்டும்" என்று தலையில் சுமத்துவதில்லை.

மூன்றாமவர் ஸ்க்ரம் மாஸ்டர். மாஸ்டர் என்றவுடன் அதட்டும் தலைவர் என்று எண்ணிவிடாதீர்கள். முறை சரியாக நடக்கிறதா என்று பார்ப்பதும், குழுவின் வழியில் கிடக்கும் முள்ளை அகற்றுவதும் இவர் வேலை. பணி புரிந்து வழிநடத்துபவர் என்று சொல்லலாம். சீடர்களின் பாதங்களைக் கழுவிய நம் ஆண்டவரின் படத்தை நாள்தோறும் காணும் நமக்கு இவ்வகைத் தலைமை புதிதன்று.

நடப்பது எப்படி?

ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். ஒரு பள்ளி நூலகத்துக்கு மென்பொருள் ஒன்று வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நூலகத்தைக் கவனிக்கும் சிஸ்டர்தாம் பிராடக்ட் ஓனர்.

முதலில் சிஸ்டர் ஒரு பட்டியல் எழுதுகிறார்கள். இதற்கு 'பிராடக்ட் பேக்லாக்' என்று பெயர். புத்தகம் கொடுத்ததைப் பதிய வேண்டும். திரும்பி வந்ததைப் பதிய வேண்டும். நாள் கடந்தும் வராத புத்தகங்களின் பெயர் தெரிய வேண்டும். ஆசிரியர் பெயரைக் கொண்டு தேட வேண்டும். அபராதம் கணக்கிட வேண்டும். மாதந்தோறும் தலைமையாசிரியைக்கு ஓர் அறிக்கை வேண்டும். இப்படிப் பட்டியல் நீளும். இதில் மிகத் தேவையானது மேலே, அவ்வளவு தேவையில்லாதது கீழே. பட்டியல் கல்லில் வெட்டியது அன்று. நாளை புதிதாய் ஒன்று சேரலாம், பழையது நீங்கலாம்.

அடுத்து, வேலையைச் சிறு சிறு காலப் பகுதிகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் 'ஸ்பிரிண்ட்' என்று பெயர். விளையாட்டு விழாவில் நாம் ஓடும் குறுந்தூர ஓட்டத்தின் பெயரேதான். ஒரு ஸ்பிரிண்ட் ஒரு மாதத்துக்கு மேற்படக் கூடாது. இரண்டு வாரம் என்பது பல குழுக்களின் வழக்கம். ஒன்று முடிந்தவுடன் அடுத்தது தொடங்கும்.

ஸ்பிரிண்ட் தொடங்கும் நாளில் குழு முழுவதும் கூடித் திட்டமிடும். சிஸ்டர் பட்டியலின் மேலே உள்ளவற்றை விளக்குவார்கள். டெவலப்பர்கள், "இந்த இரண்டு வாரத்தில் கொடுப்பதையும் வாங்குவதையும் பதிய வழி செய்துவிடுகிறோம், தேடுவது அடுத்த முறைக்கு" என்று தங்கள் சக்தியை அறிந்து ஏற்றுக்கொள்வார்கள். இந்த ஸ்பிரிண்ட் எதற்காக என்று ஒரே வரியில் ஒரு குறிக்கோளையும் வகுத்துக்கொள்வார்கள்.

பிறகு நாள்தோறும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், 15 நிமிடத்துக்கு மிகாமல் டெவலப்பர்கள் கூடுவார்கள். இது 'டெய்லி ஸ்க்ரம்'. உட்கார்ந்தால் பேச்சு நீளும் என்று பல இடங்களில் நின்றுகொண்டே பேசுவார்களாம். நேற்று என்ன முடித்தேன், இன்று என்ன செய்யப் போகிறேன், எனக்கு என்ன தடை என்று மூன்று கேள்விகளுக்கு ஒவ்வொருவரும் விடை சொல்வது பல குழுக்களின் பழக்கம். சுவரில் ஒரு பலகையை மாட்டி, 'செய்ய வேண்டியது', 'நடப்பது', 'முடிந்தது' என்று மூன்று கட்டம் போட்டு, ஒவ்வொரு வேலையையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டி, வேலை நகர நகரச் சீட்டையும் நகர்த்துவதும் உண்டு. யார் எங்கே நிற்கிறார் என்பதை அப்பலகையே சொல்லிவிடும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். 'முடிந்தது' என்றால் என்ன? "நான் எழுதிவிட்டேன், இன்னும் சோதிக்கவில்லை" என்பது முடிந்ததாகாது. "என் பங்கு முடிந்தது, மற்றவள் பங்கோடு சேர்த்துப் பார்க்கவில்லை" என்பதும் முடிந்ததாகாது. எவையெவை நிறைவேறினால் ஒரு வேலையை முடிந்தது என்று சொல்லலாம் என்பதைக் குழு முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு விதி எங்களுக்குத் தெரிந்திருந்தால், குழாயை வீட்டில் வைத்துக்கொண்டு முடிந்துவிட்டது என்று நான் சொல்லியிருக்க மாட்டேன்.

இரண்டு வாரம் முடிந்தது. இப்போது 'ஸ்பிரிண்ட் ரிவ்யூ' என்னும் கூட்டம். படம் காட்டி விளக்கவுரை ஆற்றுவது அன்று இதன் நோக்கம். உண்மையாக ஓடும் மென்பொருளையே சிஸ்டர் முன் வைக்க வேண்டும். அவர்கள் பயன்படுத்திப் பார்க்கிறார்கள். "நன்றாயிருக்கிறது. ஆனால் இடைவேளையில் ஒரு வகுப்பே வந்து நிற்கும். ஒவ்வொரு பெண்ணின் பெயரையும் தட்டிக்கொண்டிருந்தால் மணி அடித்துவிடும். வகுப்பைத் தொட்டால் பெயர்ப்பட்டியல் வர வேண்டும்" என்கிறார்கள். முதல் நாள் பட்டியல் எழுதியபோது இது அவர்களுக்கே தோன்றவில்லை. பார்த்த பிறகுதான் தோன்றியது. அருவி முறையாயின், இரண்டு ஆண்டு கழித்து எல்லாம் முடிந்த பின்னர் இது வெளிப்பட்டிருக்கும். இங்கோ இரண்டே வாரத்தில் வெளிப்பட்டுவிட்டது. பட்டியலின் மேலே ஒரு வரி சேர்ந்தது, அவ்வளவுதான் இழப்பு.

கடைசியாக 'ரெட்ராஸ்பெக்டிவ்' என்னும் பின்னோக்குக் கூட்டம். செய்த பொருளைப் பற்றியன்று, செய்த விதத்தைப் பற்றிப் பேசும் கூட்டம் இது. எது நன்றாக நடந்தது? எங்கே இடறினோம்? அடுத்த ஸ்பிரிண்டில் எதை மாற்றிக்கொள்வோம்? இரவு ஜெபத்துக்கு முன் நாம் செய்யும் ஆன்ம சோதனையைப் போன்றது இது என்று எனக்குத் தோன்றியது. ஆன்ம சோதனை பிறர் குற்றத்தைத் தேடுவதற்கு அன்று, இதுவும் அப்படியே. யார் தவறு என்பதைவிட, மறுபடி நேராதிருக்க என்ன செய்யலாம் என்பதே கேள்வி.

இவ்வளவுக்கும் அடிப்படை மூன்று கொள்கைகள்: ஒளிவுமறைவின்மை, சோதித்துப் பார்த்தல், அதற்கேற்பத் திருத்திக்கொள்ளுதல். முதலாவது இல்லாவிட்டால் மற்ற இரண்டும் பயனற்றவை. மறைத்து வைத்ததை எப்படிச் சோதிப்பது? சோதிக்காததை எப்படித் திருத்துவது? இக்கொள்கைகளோடு அர்ப்பணிப்பு, ஒருமுகக் கவனம், வெளிப்படை, மரியாதை, துணிவு என்ற ஐந்து நற்பண்புகளையும் ஸ்க்ரம் கையேடு வலியுறுத்துகிறது. கணிப்பொறிக் கையேட்டில் துணிவு என்ற சொல்லைக் கண்டு முதலில் வியந்தேன். "எனக்கு வரவில்லை" என்று பத்துப் பேர் முன் சொல்வதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை எண்ணியபோது வியப்பு நீங்கியது.

உண்மையில் நடந்த ஒன்று

இது வெறும் ஏட்டுச் சுரைக்காயா, கறிக்கு உதவுமா என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்காவின் புலனாய்வு நிறுவனமான எஃப்.பி.ஐ.யில் நடந்ததைக் கேளுங்கள்.

2001 செப்டம்பர் 11 ஆம் நாள் அந்நாட்டில் நிகழ்ந்த கொடிய தாக்குதலில் ஏறத்தாழ மூவாயிரம் பேர் உயிரிழந்தார்கள். அதன் பின்னர், ஓர் அலுவலகத்துக்குத் தெரிந்த செய்தி மற்றோர் அலுவலகத்துக்குத் தெரியாமற் போனது ஏன் என்ற கேள்வி எழுந்தது. எஃப்.பி.ஐ. அதிகாரிகள் அப்போதும் பெரும்பாலும் காகிதக் கோப்புகளையே நம்பியிருந்தார்கள். கோப்புகளையெல்லாம் கணிப்பொறியில் ஏற்றித் தேடவும் பகிரவும் வழி செய்ய ஒரு திட்டம் வகுத்தார்கள். ஏறத்தாழ 17 கோடி டாலர் செலவான பின், அது உதவாது என்று கண்டு 2005 இல் கைவிட்டார்கள்.

2006 இல் 'சென்டினல்' என்ற பெயரில் மீண்டும் தொடங்கினார்கள். நான்கு கட்டங்களாக, பழைய வழியிலேயே, வெளி நிறுவனம் ஒன்றிடம் வேலையை ஒப்படைத்தார்கள். 2010 ஆகஸ்டு வரையில் சுமார் 40 கோடி டாலர் கரைந்துவிட்டது. நான்கில் இரண்டு கட்டங்களே கைக்கு வந்திருந்தன. இதே வழியில் தொடர்ந்தால் மேலும் ஆறு ஆண்டுகளும் 35 கோடி டாலரும் வேண்டும் என்று வெளியார் கணித்தார்கள்.

அப்போதுதான் எஃப்.பி.ஐ. வேலையைத் தன் கையிலேயே எடுத்துக்கொண்டு அஜைல் வழிக்கு மாறியது. வெளி நிறுவனத்து ஊழியர்களின் எண்ணிக்கையைச் சுமார் 220 லிருந்து 40 ஆகக் குறைக்கத் திட்டமிட்டார்கள். வேலையை இரண்டிரண்டு வாரங்களாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும், முடித்ததைக் காட்டினார்கள்.

எல்லாம் இன்பமாகவே நடந்தது என்று எண்ணிவிட வேண்டாம். 2011 அக்டோபரில் நூற்றுக்கணக்கான ஊழியர்களை ஒரே நேரத்தில் பயன்படுத்தச் சொல்லி ஒத்திகை பார்த்தபோது, பாரம் தாங்காமல் அமைப்பு இருமுறை நின்றுபோயிற்று. இயந்திரங்களின் வலு போதவில்லை என்று தெரிந்தது. திறப்பு நாளைத் தள்ளிவைத்தார்கள். ஆனால் சிந்தித்துப் பாருங்கள்: அது விழுந்தது ஒத்திகையில், திறப்பு நாளில் அன்று. குறையைத் திருத்தி, 2012 ஜூலையில் சென்டினலை எல்லா ஊழியரின் பயன்பாட்டுக்கும் திறந்துவிட்டார்கள். ஆறு ஆண்டு வேண்டும் என்று சொன்ன வேலை இரண்டு ஆண்டுக்குள் முடிந்தது.

முன்னர் வேலை செய்தவர்கள் சோம்பேறிகள் அல்லர். பின்னர் செய்தவர்கள் மந்திரவாதிகளும் அல்லர். முன்னது, நெடுநாள் கழித்துத் தெரியும் தவறு. பின்னது, இரண்டு வாரத்தில் தெரியும் தவறு. வேறுபாடு பெரிதும் அதில்தான் இருந்தது.

எங்கும் பொருந்துமா?

எந்த மருந்தும் எல்லா நோய்க்கும் ஆகாது. பாலம் கட்டுவோர் பாதிப் பாலத்தில் வண்டியை ஓட்டிக் காட்ட முடியாது. கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்பதை லூக்கா நற்செய்தியில் ஓர் உவமையாகக் காண்கிறோம். ஸ்க்ரம் அதற்கு மாறானது அன்று. திட்டமே வேண்டாம் என்று அது சொல்லவில்லை. ஒரே முறை திட்டமிட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளாதே, ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து கணக்குப் பார் என்றே சொல்கிறது.

உயிரை விட்டுச் சடங்கை மட்டும் பிடித்துக்கொள்ளும் ஆபத்தும் இதில் உண்டு. "சில இடங்களில் காலைக் கூட்டம் என்பது மேலதிகாரிக்குக் கணக்கு ஒப்பிக்கும் நேரமாகிவிடுகிறது. அங்கே எல்லாரும் நன்றாக நடக்கிறது என்றே சொல்வார்கள்" என்றாள் அக்கா. அச்சம் உள்ள இடத்தில் உண்மை வெளிவராது. உண்மை வெளிவராத இடத்தில், பலகையில் எத்தனை வண்ணச் சீட்டுகளை ஒட்டினாலும் அது ஸ்க்ரம் ஆகாது. குறையைச் சொன்னவளைப் பார்த்து நகைக்காதிருப்பது கேட்பவர்களின் கடமை.

முடிவுரை

இவ்வாண்டும் அதே ஐந்து பேர், அதே மாதிரியையே எடுத்துக்கொண்டோம். அட்டையில் மூன்று கட்டம் போட்டு வகுப்பின் பின்சுவரில் ஒட்டினோம். முதல் வாரத்துக்கு ஒரே குறிக்கோள்: ஒரு புட்டி, ஒரு குழாய், ஒரு கிண்ணம், தண்ணீர் இங்கிருந்து அங்கே போக வேண்டும். அழகு, வண்ணம் ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை சிஸ்டர் முன் வைத்துத் தண்ணீர் ஊற்றினோம். மூன்று இடத்தில் ஒழுகிச் சிஸ்டரின் மேசை நனைந்தது. வகுப்பே சிரித்தது. எனக்கு முகம் சிவந்துவிட்டது. சிஸ்டர் துணியை எடுத்து மேசையைத் துடைத்துக்கொண்டே, "மூன்று இடம் என்று இப்போது தெரிந்துவிட்டதே" என்றார்கள்.

இரண்டாம் வாரம் ஒரே இடத்தில் ஒழுகியது. மூன்றாம் வாரம் மணலைக் குறைத்து, அடியில் கூழாங்கல் போட்டோம், வடிகட்டியும் வழிவிட்டது. கண்காட்சி நாளன்று கலங்கிய நீர் மேலே போய்த் தெளிந்த நீர் கீழே வந்தது. பரிசு எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் காலை முதல் மாலை வரை தண்ணீர் நிற்காமல் ஓடியது.

அன்புத் தோழியரே! நம்மில் எத்தனை பேர் மென்பொருள் எழுதப் போகிறோமோ தெரியாது. ஆனால் படிப்பிலும், வீட்டிலும், நாளை ஏற்கும் பணியிலும் நாம் செய்வது எல்லாமே வேலைதான். புரியாத கணக்கைத் தேர்வு நாள் வரை மறைத்து வைக்காமல் இன்றே ஆசிரியையிடம் காட்டுவோம். அரைகுறையாய் இருக்கும்போதே காட்டி, திருத்தம் பெற்று, அடி மேல் அடி வைத்து முன்னேறுவோம். குறையைக் காட்டுவது வெட்கமன்று. மறைப்பதே இழப்பு என்பதை உணர்ந்து உயர்வோமாக!

– பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி